டியூட்டி நாள் மாத்திரை

என் பேச்சிமுத்து அண்ணனுக்கு, பின்படியில் நின்றபடியே செல்வராணி எழுதுவது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். நீங்கள் ஓட்டிய வண்டியைக் கழித்துவிட்டார்கள். இப்போது போனக்காடு மலை லைனில் ஓடுவது வேறெங்கோ ஓடிக் களைத்துப்போன ஒரு வண்டி. பெயிண்டு மட்டும்தான் புதுசு. ஏற்றத்தில் அது முனகுவதைக் கேட்டால் நீங்கள் இறங்கிப்போய் பானட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள்.

உங்கள் சீட்டில் இப்போது அனீஷ். விதுராக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல கை. ஆனால் சாமி பக்தி கிடையாது. அதனால் கிழக்கேகோட்டையில் வண்டி எடுக்கும் முன்னால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நீங்கள் உடைக்கும் தேங்காயை இப்போது நான் உடைக்கிறேன். கோபத்தோடு வீசுவதாலோ என்னவோ, உங்களுடையதைவிட நன்றாகவே சிதறுகிறது.

கோபம் யார் மேல் என்று கேட்பீர்கள். உங்கள் மேல்தான் அண்ணே. வேறு யார்மேல் எனக்கு அத்தனை உரிமை?

சங்கதி இதுதான். உங்கள் வியாதி எனக்கும் வந்துவிட்டது.

கால் வீங்கி ஷூ நுழையவில்லை. நின்றே வேலை பார்க்கிறவளுக்கு வீங்காமல் இருக்குமா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன். அதுவும் பற்றாமல் போனபிறகுதான் டாக்டரிடம் போனேன். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மலையாளத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். ரொம்ப நாளாகவே பிரஷர் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அடிக்கடி வந்த மூத்திரக் கடுப்புக்குச் சரியாக மருந்து எடுக்கவில்லை. இடுப்பு வலிக்கும் கால் வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் வேறு. எல்லாம் சேர்ந்து கிட்னியைத் தின்றிருக்கின்றன.

"சேச்சி, போனது திரும்பி வராது. அதை நான் மறைக்க மாட்டேன்," என்றாள். "ஆனா இருக்கிறதை ரொம்ப வருஷம் வச்சுக்கலாம். மெல்லப் போக வைக்க இப்ப நல்ல மருந்து உண்டு. மருந்து முடக்கருது, கேட்டோ. ஒரு நாளும் விடக் கூடாது."

பிரஷர் மாத்திரை ஒன்று. அது பிரஷரை மட்டும் பார்ப்பதில்லை, கிட்னிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்குமாம். இன்னொன்று சர்க்கரைக்காரர்களுக்காக வந்த மாத்திரை. எனக்குச் சர்க்கரை இல்லையே என்றேன். இல்லாவிட்டாலும் கிட்னியைக் காக்கும் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். உப்பையும் சர்க்கரையையும் சிறுநீர் வழியே தள்ளிவிடும். வீக்கம் வடிய ஒரு நீர் மாத்திரையும் உண்டு. "ஆரம்பத்துல ரத்தத்துல கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடும். பேடிச்சு, பயந்துபோயி நிறுத்திடாதீங்க. நான் பார்த்துக்கறேன்," என்றும் சொல்லித்தான் அனுப்பினாள்.

உங்களிடம் சொன்னால் உடனே புரியும். போனக்காட்டிலிருந்து இறங்கும்போது நீங்கள் கியரைக் குறைத்துப் போடுவீர்கள். இறக்கம் இறக்கம்தான், வண்டி கீழேதான் போகும், ஆனால் நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போகும். இந்த மாத்திரைகள் செய்வதும் அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க ஒரே கியரில் இறங்க வேண்டும், ஒரு நாளும் நியூட்ரலில் விடக் கூடாது.

நீங்கள் நியூட்ரலில் விட்டீர்கள் அண்ணே. அதுவும் டியூட்டி அட்டவணை பார்த்து.

ஞாபகம் இருக்கிறதா? வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த நாள்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருந்தார். நீங்கள் அதிலிருந்து பிடித்துக்கொண்டது, சில நாள் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்பதை மட்டும். அப்புறம் எந்த நாள் நிறுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். டியூட்டி நாளில் மாத்திரை கிடையாது. ஆஃப் நாளில் உண்டு. சில சமயம் ஆஃப் நாளில் இரட்டிப்பாக. நான் சத்தம் போட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

"வண்டி ஓடுற அன்னைக்கி எனக்குச் சீக்கு கிடையாது தங்கச்சி."

சிரிப்புக்குப் பின்னால் இருந்த காரணம் எனக்குத் தெரியாதா? மாத்திரை போட்டால் முட்டிக்கொண்டு வரும். விதுரா தாண்டினால் காடு. ஐம்பது பேரை உட்கார வைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போனால், ஆனை நிற்கும் ரோட்டில், என்ன பேச்சு கிடைக்கும்? அதனால் தண்ணீரும் குடிக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. நம் லைனில் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல, இதைப் படிக்கிறவர்களில் இன்னும் எத்தனை பேர் காக்கிப் பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு ஆஃப் நாளுக்காகக் காத்திருக்கிறார்களோ. அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் இதைச் சத்தமாக எழுதுகிறேன்.

நீங்கள் இறங்காவிட்டாலும் ஆணுக்கு ஒரு மரமறைவாவது உண்டு. எனக்கு? நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் தாங்க முடியாமல் உங்களிடம் வந்து நின்றேன். நீங்கள் பாவமாகப் பார்த்துவிட்டு, "பெல் கயிறு பயணிக்கு உள்ளது தங்கச்சி, நமக்கு உள்ளது இல்ல. இன்னும் கொஞ்சம் பொறு, மதினி வீடு வந்திரும்," என்றீர்கள். அன்று முதல் பொறுத்தேன். மலை உச்சியில் வண்டி திரும்பும் இடத்தில், எஸ்டேட் லயத்தில் இருக்கும் உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுக்காரி தங்கம் மதினி எனக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள்.

அப்புறம் உங்களுக்கு டயாலிசிஸ் வந்தது. நம் வண்டியிலேயே பயணியாக இறங்கிப் போனீர்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் வெறும் தரையை மிதிப்பீர்கள். அங்கே பிரேக் இல்லை என்பது உங்கள் காலுக்குத் தெரியவில்லை. நான் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கிட்னிக்கு நல்லது என்று கரிக்கு கொண்டுவந்தார்கள். இளநீரில் உள்ள பொட்டாசியம் இருதயத்தை நிறுத்திவிடும் என்று நர்சு சொல்லியிருந்தும், ஆசையாகக் கொண்டுவந்த மனுசனிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. வாய் வராமலே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். வண்டியில் மட்டும்தான் உங்களுக்கு பிரேக் பிடிக்கத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அதையேதான் செய்தேன். டியூட்டி நாளில் இல்லை, ஆஃப் நாளில் உண்டு.

திட்டாதீர்கள். வேறு என்ன வழி? நீங்கள் நிரந்தரக்காரர், உங்களுக்கு டிப்போவுக்குள் லைட் டியூட்டி என்ற ஒன்று இருந்தது, வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் தினக்கூலிக் கண்டக்டர். டியூட்டி போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என்னைப்போல இன்னொருத்தி டாக்டர் லெட்டர் கொடுத்தபோது, "சுகமாயிட்டு வா மோளே," என்று ஆபீசில் அன்பாகத்தான் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிட்னி எப்போது சுகமாவது, நான் எப்போது திரும்பி வருவது? மகள் படிப்பு பாதியில் நிற்கிறது. வீட்டுக்காரருக்கு மழை பிடித்தால் ரப்பர் பால் வெட்டும் வேலை கிடையாது. வேலைக்குப் போனால் மருந்து எடுக்க முடியாது. மருந்து எடுத்தால் வேலைக்குப் போக முடியாது. காட்டு ரோட்டில் முன்னால் ஆனையும் பின்னால் ஆனையும் நிற்கும்போது வண்டிக்குள் உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் ரிசல்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சேச்சி மருந்து ஒழுங்கா எடுக்கறீங்களா?"

"எடுக்கேன்."

"தினமும்?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தினமும் எடுத்தா தினமும் போகணும். எங்க போகட்டும்? நீங்க ஒரு நாள் எங்கூட வண்டில வாங்க, ஃபுட்போர்டுல நின்னு பாருங்க, அப்புறம் கேளுங்க!" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த நர்சு எட்டிப்பார்த்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. நீர் மாத்திரை எந்த நேரம் போட்டால் எவ்வளவு நேரத்தில் வரும் என்று என்னோடு சேர்ந்து கணக்குப் பார்த்தாள். அடக்கினால் திரும்பவும் கடுப்பு வரும், அந்தச் சர்க்கரை மாத்திரை எடுக்கும் பெண்கள் சுத்தமாகக் கழுவிக்கொள்வதும் முக்கியம் என்றாள். "லெட்டர் தரட்டுமா?" என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டதோடு சரி.

போன வாரம் என்ன நடந்தது என்றால், காலை முதல் சர்வீஸில் மலை ஏறி வழக்கம்போல மதினி வீட்டுக்கு ஓடினேன். பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் வந்தால், மதினி என் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். முகம் பார்க்கக் கண்ணாடி தேடி என் பையைத் திறந்தாளாம். அந்தப் பிரஷர் மாத்திரை அட்டையை அவளுக்குத் தெரியாதா? உங்கள் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் முழுசாக எடுத்து வைத்தவள்.

"எத்தன நாளா?" என்றாள்.

சொன்னேன்.

"இது என்ன, அத்தன நாளுக்கு மாத்திரை குறையாம இருக்கு?"

நான் அட்டைக்குக் கை நீட்டினேன்.

"ஏட்டி, அவரு மாதிரியே நீயும் காக்கிப் பையில கொண்டு திரியிறியா? இது என்ன தாயத்தா, பையில கெடந்தாக் காப்பாத்துறதுக்கு?"

"மதினி, எறக்கத்துல வண்டிய நிறுத்த முடியாதுல்லா..."

"ஏன் முடியாது? மாடு குறுக்க வந்தா நிறுத்துதீய. எவனோ போட்டோ எடுக்கணும்னா நிறுத்துதீய. ஒனக்கு நிறுத்த முடியாதோ? வாயத் திற."

நிஜமாகவே வாயைத் திறக்கச் சொன்னாள் அண்ணே. சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி மூன்று மாத்திரையையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்துப் போட்டு, தண்ணீரையும் கொடுத்து, முழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அனீஷ் ஹாரன் அடித்தான். ஓடிவந்து ஏறினேன்.

வண்டி நிறைய ஆள். எஸ்டேட் பெண்கள், விதுராவுக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள், லீவு போட்டுவிட்டுக் கீழே வீட்டுக்குப் போகும் ஒரு டீச்சர், முன் சீட்டில் கேமரா மாட்டிய ஒரு வெளியூர்க்காரர். டிக்கெட் போட்டு முடிப்பதற்குள்ளேயே மாத்திரை வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஒரு வளைவு. அடக்கினேன். இன்னொரு வளைவு. பல்லைக் கடித்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காட்டிலாகா செக்போஸ்ட் தூரத்தில் தெரிந்தது. நம் வண்டியைக் கண்டாலே அவர்கள் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுவார்கள், நாம் ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. அதையும் தாண்டினால் விதுரா வரைக்கும் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெல் கயிற்றைப் பிடித்தேன். விட்டேன். நீங்கள் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. திரும்பவும் பிடித்தேன். சிங்கிள் பெல் அடித்தேன்.

அனீஷ் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆரா சேச்சி இறங்ஙான்?" இறங்குவது யார் என்று கேட்டான்.

"ஞான்."

"ஒண்ணுக்குப் போகணும்," என்றேன். தமிழில்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். முகமெல்லாம் கொதித்தது. முன் சீட்டு ஆள் மணியைப் பார்த்துவிட்டு, "எனக்கு டிரெயின் பிடிக்கணும், இது என்ன பஸ்ஸா, கல்யாண வேனா?" என்று ஆரம்பித்தார்.

நான் படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி ராணி, இரு. நானும் வாரேன்."

கொழுந்து பறிக்கும் லீலா. நீங்களே எத்தனை வருடம் அவளை ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து இந்த வண்டில பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன். கண்டக்டருக்கே முட்டும்னா எனக்கு முட்டாதா?"

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் அந்த டீச்சர், "சேச்சி, ஞானும்," என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பெரியவளாக இருந்த ஒருத்தி, யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு. செக்போஸ்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. அதன் முன்னால் நாங்கள் வரிசையாக நின்றோம். என்னைத்தான் முதலில் போகச் சொன்னார்கள். அனீஷ் எஞ்சினை அணைத்துவிட்டான். உள்ளே நின்று நான் அழுதேன் அண்ணே, வெட்கத்தில் இல்லை, அந்த நிம்மதியில். வெளியே லீலா, "சீக்கிரம் வாட்டி, எனக்கு இப்பம் போயிரும்," என்று கதவைத் தட்டினாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதோடு முடியவில்லை. அந்த ஆளுக்கு டிரெயின் கிடைத்ததோ இல்லையோ, புகார் கிடைத்துவிட்டது. பெண்கள் வரிசையில் நிற்பதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அனீஷ் ஒரு வழி சொன்னான். "எஞ்சின் சூடாயி, தண்ணி ஊத்த நிறுத்தினதுன்னு நான் பறயாம் சேச்சி. தீர்ந்தது." நல்ல மனசு. அவன் சொன்னால் நம்பவும் செய்வார்கள், அந்த வண்டியின் லட்சணம் அப்படி. அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொய்யோடு போய்விடுமே. ஆனால் அடுத்த டியூட்டி நாள்? அதற்கடுத்த நாள்? எஞ்சின் தினமும் சூடாகுமா? நாளைக்குத் தப்பித்துவிட்டால் நாளை மறுநாள் மாத்திரை திரும்பவும் பைக்குள் போய்விடும். எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் லெட்டரை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். எனக்குக் கிட்னி நோய், மருந்தை முடக்கக் கூடாது, இறக்கத்தில் ஒரு இடத்தில் வண்டி நிற்க வேண்டும், எனக்கு மட்டும் இல்லை. இவ்வளவுதான். "சுகமாயிட்டு வா மோளே," என்று சொல்லிவிட்டாலும் சொல்லிவிடுவார்கள். சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியாது. மகளிடம் இன்னும் பேசவில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது அண்ணே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அன்றைக்குக் கிளம்பும்போது செக்போஸ்ட் ஆளிடம், "எப்பக் கட்டினது இந்தக் கக்கூஸ்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இது இந்த ரோட்டுல பஸ் வர்ற முன்னயே உண்டு சேச்சி. பேச்சிமுத்து அண்ணன் தினமும் கை காட்டிட்டுப் போவாரே. ஒரு நாள் நிறுத்தி ஒரு டீ குடிக்கக் கூட வந்ததில்ல," என்றான்.

அந்தத் தகரக் கதவு நீங்கள் இருந்த காலமெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது அண்ணே. நீங்கள் கை காட்டிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பின்படியில் நின்று நானும் கூடவே தாண்டிப் போயிருக்கிறேன்.

நாளை எனக்கு டியூட்டி நாள். ஆபீசுக்குப் போகும் முன் பழவங்காடியில் உங்களுக்காக ஒரு தேங்காய், இந்தத் தடவை கோபம் இல்லாமல். அதற்கும் முன்னால் மூன்று மாத்திரை, வயிறு நிறையத் தண்ணீர் இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர். வண்டியில் ஏறவிட்டால் ஏறுவேன். ஏறினால், அந்தச் செக்போஸ்ட் வந்ததும் கயிற்றைப் பிடித்து ஒரு சிங்கிள் பெல். கண்ணாடியில் யார் எப்படிப் பார்த்தாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வண்டித் தங்கச்சி,
செல்வராணி